அளவைக் குறைக்க வந்த நிரல்: நீடாமங்கலம் ஜெராக்ஸ் கடை ஒன்றில் நடந்ததும் இயங்குதளங்கள் செய்ய வேண்டியதும்

நவம்பர் மாதத்தின் முதல் பாதியில் திருவாரூர் மாவட்டத்து ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடமிருக்காது. சம்பா, தாளடி நெல்லுக்குப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்ய நவம்பர் 15ஆம் தேதியை ஒட்டித்தான் பெரும்பாலும் கெடு வைக்கிறார்கள். காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதத்தை விவசாயி கட்டினால் போதும். பணத்தைவிடக் காகிதம்தான் பெரும்பாடு: முன்மொழிவுப் படிவம், கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் நகல். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, இணையதளம் சொல்லும் கேபி அளவுக்குள் சுருக்கி, ஏற்ற வேண்டும். சுருக்காவிட்டால் ஏறாது. ஏறாவிட்டால் அந்த வயலுக்குக் காப்பீடு இல்லை.

சுருக்கும் வேலையைச் செய்வது ஒரு சிறுநிரல். அதற்குப் பெரிய திரை கிடையாது, பெயர்கூடப் பலருக்கு நினைவில் இருக்காது. மேசைக் கணினியின் இயங்குதளங்கள் (விண்டோஸ், மேக், லினக்ஸ்) இப்படிப்பட்ட சிறுநிரல்களை எப்படி நடத்துகின்றன, எப்படி நடத்த வேண்டும் என்பதை, 2025 நவம்பரில் நீடாமங்கலம் கடைவீதியில் நடந்த ஒரு நிகழ்வை வைத்து இங்கே ஆராய்கிறேன். அந்தக் கடையின் கணினிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுநிரலை, எழுதியவர் யார் என்று காட்டும் மின்னணுக் கையொப்பத்தை வைத்து எடைபோடக் கூடாது; அது எதையெல்லாம் தொட முடியும் என்பதை வைத்தே எடைபோட வேண்டும். இயல்பாக அது எதையுமே தொட முடியாதபடி கட்டிவைக்க வேண்டும். பயனர் எடுத்துக் கொடுத்த கோப்பு ஒன்றை மட்டும் தொடவிட வேண்டும்.

கடையும் அதன் கருவிகளும்

வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பு இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ரயில் நிலையமும் கடைவீதியும் இதுதான். கடையை நடத்துபவர் தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் ஹையர் முடித்த ஒரு பெண்மணி. உதவிக்கு ஓர் இளம்பெண் இருக்கிறார். இரண்டு கணினிகள், ஒரு ஸ்கேனர், ஒரு கைரேகைக் கருவி, இரண்டு பிரிண்டர்கள்.

இந்தக் கடையின் வருமானம் வேர்ட், எக்செல் போன்ற பெரிய மென்பொருள்களால் வருவதில்லை. மனு அடிக்கத் தட்டச்சு நிரல் ஒன்று, பழைய எழுத்துருவில் அடித்த பத்திரங்களை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒன்று, படத்தின் அளவைக் குறைக்க ஒன்று, பி.டி.எஃப். பக்கங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஒன்று, கைரேகைக் கருவிக்காகப் பின்னணியில் ஓடும் சேவை ஒன்று. இவற்றில் எது நின்றாலும் கடை நிற்கும். எல்லாமே சில மெகாபைட்டுகளுக்குள் அடங்குபவை. பெரும்பாலானவை தனி மனிதர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தவை. தமிழ்க் கணிமையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல; இகலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் ஆகியவை இல்லாமல் நம் ஊர்களில் கணினியில் தமிழ் பரவியிருக்காது.

நவம்பரில் நடந்தது

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. கடையின் பழைய கணினி, விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறை பிராசசரும் இல்லாதது. ஆகவே புதியது வாங்க வேண்டியதாயிற்று. காப்பீட்டுக் காலம் தொடங்கியபோது புதிய கணினி மேசைக்கு வந்துவிட்டது.

பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த அளவு குறைக்கும் நிரலை உதவியாளர் தன் மின்னஞ்சலில் சேமித்து வைத்திருந்தார். அதைப் புதிய கணினியில் இறக்கித் திறந்தார். திரையில் பெரிய நீலப் பெட்டி வந்தது: உங்கள் கணினி பாதுகாக்கப்பட்டது, அறிமுகமில்லாத நிரல் தடுக்கப்பட்டது. பெட்டியில் தெரிந்த ஒரே பொத்தான் ‘இயக்காதே’ என்பதுதான். இயக்குவதற்கான வழி, ‘மேலும் தகவல்’ என்ற சிறு எழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. அது அவர் கண்ணில் படவில்லை. வைரஸ் என்று நினைத்து நிரலை அழித்துவிட்டார். எச்சரிக்கையை மதித்து நடந்துகொண்டார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

வாசலில் வரிசை நின்றது. தேடுபொறியில் தேடியபோது முதலில் வந்தது ஒரு விளம்பரம். அதில் கிடைத்த நிரல் முறையாகக் கையொப்பமிட்டது. நீலப் பெட்டி வரவில்லை. நிறுவும்போது நிர்வாகி அனுமதி கேட்டது. கேட்ட பெட்டியில் வெளியீட்டாளரின் பெயர் சரிபார்க்கப்பட்டதாக எழுதியிருந்தது. ‘ஆம்’ என்றார். நிரல் வந்தது. கூடவே உலாவியின் தேடல் பக்கம் மாறியது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னம் குடியேறியது, கணினி தொடங்கும்போதெல்லாம் தானாக எழும் புதுப்பிப்பான் ஒன்றும் வந்து சேர்ந்தது. ஆனாலும் படம் சுருங்கியது, வரிசை நகர்ந்தது. கெடு நெருங்கும் நாளில் வேறு எதைப் பார்ப்பது?

உண்மை வெளிப்பட்டது மழையால். வடகிழக்குப் பருவமழை வலுத்த ஒரு மாலையில் இணைய இணைப்பு அறுந்தது. ஸ்கேன் செய்து சுருக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு வந்ததும் ஏற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். உதவியாளர் எனக்குப் போன் செய்தார்: “அண்ணே, நெட் இல்லாததால் படத்தைச் சிறிதாக்க முடியாது என்கிறது. ஸ்கேன் ஆகிறது, பிரிண்ட் வருகிறது, இது மட்டும் ஓடவில்லை.”

ஒரு ஜேபெக் படத்தின் அளவைக் குறைக்க இணையம் தேவையில்லை. படப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, சுருக்கத்தின் தரத்தைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி எழுதும் கணக்கு அது. இன்றைய எந்தக் கணினியும் ஒரு நொடிக்குள் முடித்துவிடும். மறுநாள் இணைப்பு வந்தபின் நேரில் போய், எந்த நிரல் எவ்வளவு அனுப்புகிறது என்று காட்டும் ரிசோர்ஸ் மானிட்டரின் பிணையப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, வெற்றுத் தாள் ஒன்றை ஸ்கேன் செய்து அந்த நிரலிடம் கொடுத்தேன். அனுப்பிய பைட்டுகளின் எண் ஏறியது. ஏறி நின்ற இடம் ஏறக்குறைய அந்தப் படத்தின் முழு அளவு. திரும்பி வந்தது சுருங்கிய படத்தின் அளவு. நிரல் எதையும் சுருக்கவில்லை. கோப்பை எங்கோ இருக்கும் ஒரு சேவையகத்துக்கு அனுப்பி, அங்கே சுருக்கி, திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சில நாள்களில் அதன் வழியே போனவை ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகங்கள், கையொப்பமிட்ட படிவங்கள்.

கடைக்காரர் அன்றே நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அந்த நாள்களில் வந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். அவர் செய்ததில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டிவைக்கும் வசதி ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. வந்தவர்களுக்கு அதைக் கட்டணமின்றிச் செய்து கொடுத்தார். ஆனால் பூட்டினால் ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் முன்பு திறக்க வேண்டும். வயதான ஒரு விவசாயி, “அரிசி வாங்கப் போகும்போதெல்லாம் இங்கே வந்து திறந்துகொண்டு போக வேண்டுமா, அம்மா?” என்று கேட்டார். ஒரு கோப்பின் அளவைக் குறைத்ததன் விலை அதுவரை நீண்டது.

எச்சரிக்கை யாரைத் தடுத்தது, யாரை விட்டது

தீங்கற்ற நிரல் தடுக்கப்பட்டது. தீங்கான நிரல் மரியாதையுடன் உள்ளே விடப்பட்டது. இது தற்செயல் அல்ல. இப்படித்தான் நடக்கும்படி அமைந்திருக்கிறது.

இணையத்திலிருந்து இறங்கும் கோப்புக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்துகிறது. 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2 முதல் இருக்கும் வழக்கம். என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறையில் கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் மறைவான ஓர் ஓடையில், இது இணைய மண்டலத்திலிருந்து வந்தது என்று எழுதிவைக்கிறது. அந்த முத்திரை உள்ள நிரலைத் திறந்தால், 2012இல் விண்டோஸ் 8 தொடங்கி, அந்த நீலப் பெட்டியைக் காட்டும் ஸ்மார்ட்ஸ்கிரீன் அதன் நற்பெயரைச் சோதிக்கிறது. எத்தனை பேர் இதை இறக்கியிருக்கிறார்கள், யார் கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்பவைதான் முக்கியமான அளவுகோல்கள். ஓய்வு நேரத்தில் ஒருவர் எழுதி, சில நூறு பேர் பயன்படுத்தும் தமிழ்ச் சிறுநிரலுக்கு அந்த நற்பெயர் ஒருபோதும் சேராது. கையொப்பச் சான்றிதழ் வாங்க ஆண்டுதோறும் பணம் வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் சாவியைத் தனி வன்பொருளில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. இலவசமாகக் கொடுப்பவருக்கு இது சுமை. விளம்பரத்தில் சம்பாதிப்பவருக்கு இது முதலீடு.

கடையில் ஒன்றைச் செய்து காட்டினேன். பழைய நிரலின் இன்னொரு பிரதி, எஃப்.ஏ.டி. 32 முறையில் அமைந்த ஒரு பென் டிரைவில் இருந்தது. அந்தக் கோப்பு முறையில் மறைவான ஓடைக்கு இடமே இல்லை, முத்திரை ஒட்டாது. அங்கிருந்து நகலெடுத்துத் திறந்தபோது நீலப் பெட்டி வரவில்லை. ஒரே நிரல், ஒவ்வொரு பைட்டும் ஒன்று. மின்னஞ்சல் வழியாக வந்தால் ஆபத்து, பென் டிரைவ் வழியாக வந்தால் ஆபத்தில்லை. வந்த வழியைச் சோதிக்கும் இந்த முறை, நிரல் என்ன செய்யப்போகிறது என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை.

மேக் கணினிகளிலும் நிலைமை வேறல்ல. 2012இல் கேட்கீப்பர் என்ற காவல் வசதி வந்தது. 2019இல் கேட்டலினா பதிப்பு முதல் ஆப்பிளிடம் நிரலை அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வது கட்டாயமாயிற்று. அதற்கான உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 99 டாலர். 2024இன் செக்கோயா பதிப்பில், சரிபார்க்கப்படாத நிரலைக் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறக்கும் குறுக்குவழியையும் எடுத்துவிட்டார்கள்.

பூட்டு எந்தக் கதவில் இருக்கிறது

விளம்பரத்தில் கிடைத்த அந்த நிரலால் உள்ளே வந்தபின் எதைச் செய்ய முடிந்தது என்பதுதான் இந்த நிகழ்வின் மையம்.

மேசைக் கணினியின் காவல் முறை, பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில் உருவானது. ஒருவரிடமிருந்து மற்றவரைக் காப்பதும், எல்லோரிடமிருந்தும் இயங்குதளத்தைக் காப்பதும் அதன் நோக்கம். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த பயனர் கணக்குக் கட்டுப்பாடும் இதே வழியில் செல்கிறது: நிர்வாகி அதிகாரம் கேட்டால்தான் மணி அடிக்கும். பயனரின் சொந்தக் கோப்புகளைப் படிக்க விண்டோஸில் சாதாரண நிரல் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பயனர் படிக்கக்கூடிய அனைத்தையும் அவர் இயக்கும் நிரலும் படிக்கலாம். இந்தக் கடையில் இயங்குதளம் பழுதானால் அரை நாளில் மறுபடி நிறுவிவிடலாம். ஸ்கேன் கோப்புறையில் இருக்கும் ஆதார் நகல்கள் வெளியே போனால் திரும்பி வராது. மதிப்புள்ளது எதுவோ அதற்குப் பூட்டு இல்லை.

அடுத்தது இணையம். விண்டோஸின் தீச்சுவர் (ஃபயர்வால்) இயல்பாக உள்ளே வரும் இணைப்புகளைத் தடுக்கிறது. வெளியே போகும் இணைப்புகளை விட்டுவிடுகிறது. கோப்பைப் படிக்கும் உரிமையும் வெளியே அனுப்பும் உரிமையும் ஒரே நிரலிடம் கேள்வியின்றிச் சேரும்போது, களவுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

அதே விவசாயியின் கைப்பேசியில் நிலைமை மேல். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேமராவையோ தொடர்பு எண்களையோ தொடும் முன்பு செயலி கேட்டாக வேண்டும். மேசைக் கணினியிலும் இதற்கான அறிவு இல்லாமல் இல்லை. விண்டோஸ் 8இலேயே ஆப்கண்டெய்னர் என்ற கட்டுப்பாட்டு வேலி வந்துவிட்டது. ஆனால் அதற்குள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் ஸ்டோர் வழியாக வரும் செயலிகளே இருக்கின்றன. ஐயத்துக்குரிய நிரலைத் தனியறையில் ஓட்டிப் பார்க்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் 2019இல் வந்தது. ஹோம் பதிப்பில் அது கிடையாது. ஜெராக்ஸ் கடைகளில் இருப்பது ஹோம் பதிப்புதான். மிகவும் தேவைப்படுகிறவர்களின் கணினியில் இல்லாத பாதுகாப்பை நான் பாதுகாப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தட்டச்சு நிரல்: இதைவிடக் கடினமான நிலை

அளவு குறைக்கும் நிரலுக்கு ஒரு கோப்பு போதும். தட்டச்சு நிரலின் தேவை வேறு. விசைப்பலகையில் விழும் ஒவ்வொரு அடியையும் அது பார்த்தாக வேண்டும். பார்த்தால்தான் தமிழாக மாற்ற முடியும். கடவுச்சொல்லையும் வங்கி ரகசிய எண்ணையும் அதே கண்தான் பார்க்கிறது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் சில நல்ல தமிழ்த் தட்டச்சு நிரல்களையும் சந்தேகிப்பதற்குக் காரணம், வேவு நிரல் கையாளும் வழியையே இவையும் கையாள்கின்றன என்பதுதான்.

இந்த நிலைக்கு இயங்குதளங்களின் தாமதமே காரணம். தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு 1999இல் தரமாக அறிவித்தது. விண்டோஸுக்குள் அது இயல்பாக வந்து சேர்ந்தது 2019இல். நடுவே 20 ஆண்டுகள், பெரும்பாலான அரசு அலுவலகங்களும் டி.டி.பி. கடைகளும் எல்லா விசைகளையும் பார்க்கும் நிரல் ஒன்றை நம்பித்தான் தமிழ் அடித்தன.

இன்னும் முடியவில்லை. கடைக்காரர் பழகியது தட்டச்சு இயந்திர வரிசை. அதில் ‘கொ’ அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ‘க’, பிறகு துணைக்கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் விரல் போகும். யூனிகோடில் சேமிக்கப்படுவதோ முதலில் ‘க’, அதன் பின் ஒகரக் குறி என இரண்டே குறிகள். முதலில் விழுந்த கொம்பைப் பிடித்து வைத்திருந்து, மெய் வந்ததும் இடம் மாற்றி, துணைக்கால் வந்ததும் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். நிமிடத்துக்கு 45 சொல் வேகத்தில் பரீட்சை எழுதியவரின் விரலுக்கு இதில் ஒரு கணம்கூடத் தடங்கல் வரக் கூடாது. வேறு வரிசைக்கு மாறுங்கள் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்பது என் கருத்து.

ஆனால் இந்த வேலைக்கு உண்மையில் ஒரு நிரல் தேவையா? மேலே சொன்னதை ஒரு விதி அட்டவணையாக எழுதிவிடலாம்: இது வந்தபின் அது வந்தால் இப்படி மாற்று. லினக்ஸில் எம்17என் என்ற நிரல் நூலகம் இதைத்தான் செய்கிறது. தமிழ்99, தட்டச்சு இயந்திர வரிசை எல்லாம் அங்கே சாதாரண உரைக் கோப்புகளாக இருக்கின்றன. விசைகளைப் பார்ப்பது இயங்குதளத்தின் ஓர் உறுப்பு. விதியைக் கொடுப்பது வெளியிலிருந்து வரும் ஒரு கோப்பு. கோப்பு எதையும் பார்க்காது, எங்கும் அனுப்பாது. மேக்கில் விசை அமைப்பை ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பாக எழுதி உரிய கோப்புறையில் போட்டால் போதும். சிறுநிரல்களில் பாதி, நிரலாகவே இருக்கத் தேவையில்லாதவை. எழுத்துரு மாற்றியும் அப்படித்தான். அது ஒரு நீண்ட எழுத்து அட்டவணை, அவ்வளவே. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் இந்தக் கடைக்குப் பழைய எழுத்துருவில் அடித்த கிரயப் பத்திர மாதிரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை மாற்ற இயங்குதளத்துக்கு ஓர் அட்டவணையைக் கொடுத்தால் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

முன்பு செய்து பார்த்தவை

சிறுநிரல்களுக்குத் தனி இடம் வேண்டும் என்ற எண்ணம் பழையது. 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷில் கால்குலேட்டர், அலாரம் கடிகாரம், குறிப்பேடு முதலியவை மேசைத் துணைக்கருவிகள் என்ற தனி வகையாக இருந்தன. 128 கிலோபைட் நினைவகத்தில் ஒரு நேரத்தில் ஒரு பெரிய நிரல்தான் ஓடும். துணைக்கருவி மட்டும் அதன் பக்கத்தில் திறந்துகொள்ளும். அதே ஆண்டில் டாஸ் இயங்குதளத்தில் போர்லாண்ட் நிறுவனத்தின் சைட்கிக் வந்தது. நினைவகத்திலேயே தங்கி, விசைகளைக் கவனித்து, அழைத்ததும் மேலே வந்து நிற்கும். அப்படித் தங்கும் நிரல்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் ஒன்றோடொன்று மோதிக் கணினி உறைந்துபோகும். ஒரு வரம்பும் இல்லாமல் இடம் கொடுத்ததன் விளைவு அது.

விண்டோஸ் 95 கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் கொடுத்தது. அதை ஒவ்வொரு பிரிண்டரும் ஒவ்வொரு புதுப்பிப்பானும் தன் வீடாக்கிக்கொண்டன. சிறுகருவிகளுக்காக 2005இல் மேக்கின் டாஷ்போர்டும் 2007இல் விஸ்டாவின் கேட்ஜெட்களும் வந்தன. கேட்ஜெட்கள் சின்னதாகத் தெரிந்தாலும் அவற்றின் அதிகாரம் சின்னதல்ல. 2012இல் பாதுகாப்புக் காரணத்துக்காக அவற்றை முடக்கிவிடும்படி மைக்ரோசாஃப்டே அறிவுறுத்தியது. டாஷ்போர்டை 2019இல் ஆப்பிள் எடுத்துவிட்டது. இடம் கொடுப்பதும் பறிப்பதும் மாறி மாறி நடந்திருக்கின்றன. வரம்போடு இடம் கொடுப்பது மட்டும் மேசைக் கணினியில் இன்னும் இயல்பு நிலையாகவில்லை.

கடையில் செய்தவை

விளம்பரத்தில் வந்த அந்த நிரலையும் அதோடு வந்தவற்றையும் அகற்றினோம். ஸ்கேன் செய்யும் கணினியில் உதவியாளருக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத கணக்கு உருவாக்கினோம். படத்தைச் சுருக்க, விண்டோஸின் போட்டோஸ் செயலியிலேயே வசதி இருக்கிறது. மூன்று புள்ளிப் பட்டியலுக்குள் ஒளிந்திருப்பதால் கடையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் கெடு நாளில் அது போதாது. அது தரத்தைக் கேட்கும். நமக்கு வேண்டியது ‘இத்தனை கேபிக்குள் முடி’ என்று சொல்வது. இமேஜ்மேஜிக் என்ற பழைய திறமூலக் கருவியில் ஜேபெக் கோப்பின் உச்ச அளவையே குறிப்பிட வழி இருக்கிறது. அதை வைத்து ஒரு வரி ஆணை எழுதி, வலச் சொடுக்கில் வரும் ‘இங்கே அனுப்பு’ பட்டியலில் சேர்த்துவிட்டேன். கோப்பின்மேல் வலச் சொடுக்கு, ஒரு தேர்வு, பக்கத்திலேயே சுருங்கிய கோப்பு. இதற்கென்று திரையும் இல்லை, சின்னமும் இல்லை. வேலை முடிந்ததும் நினைவகத்தை விட்டுப் போய்விடுகிறது.

பழைய எழுத்துரு மாற்றி, தட்டச்சு நிரல், இமேஜ்மேஜிக் மூன்றும் வெளியே தொடர்புகொள்ளாதபடி தீச்சுவரில் தனித்தனி விதி எழுதினோம். மூன்றும் எந்தக் குறையும் இன்றி ஓடுகின்றன. ஸ்கேன் கோப்புறை ஒவ்வோர் இரவும் காலி செய்யப்படுகிறது. 2023இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் கடைக்காரரிடம் பேசினேன். பிறர் ஆவணங்களைக் கையாளும் எவரும் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு பராமரிப்பாளர் நேரில் வந்து செய்ய வேண்டியிருந்தது. மன்னார்குடியிலும் வலங்கைமானிலும் குடவாசலிலும் உள்ள எத்தனை கடைகளுக்கு அப்படி ஒருவர் கிடைப்பார்? ஆகவேதான் இதை இயங்குதளத்தின் வேலை என்கிறேன்.

இயங்குதளம் செய்ய வேண்டியது

சிறுநிரல் என்று ஒரு வகையை வெளிப்படையாக வகுக்க வேண்டும். ஒரே கோப்பு, நிறுவல் கிடையாது, அழித்தால் சுவடே இருக்கக் கூடாது. இணையம் கிடையாது. கணினி தொடங்கும்போது எழ அனுமதி கிடையாது. மற்ற நிரல்களின் திரையையும் விசைகளையும் பார்க்க முடியாது. கோப்புகளில், பயனர் அதன்மேல் இழுத்துப் போட்டதை அல்லது திறப்புப் பெட்டியில் தேர்ந்ததை மட்டும் தொடலாம். வாய்க்கால் முழுவதும் ஓடும் தண்ணீரில் ஒரு வயலுக்கு அதன் மடை அளவுக்குத்தான் பாயும்; அப்படி ஒரு மடை.

இந்தத் திறப்புப் பெட்டி முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பயனரிடம் தனியாக அனுமதி கேட்கும் பெட்டி எதுவும் வராது. கோப்பைத் தேர்ந்தெடுப்பதே அனுமதி கொடுப்பது. பெட்டியை வரைவது இயங்குதளம். தேர்ந்த கோப்பு ஒன்றை மட்டும் நிரலிடம் நீட்டுவதும் அதுவே. மேக்கின் ஆப் ஸ்டோர் செயலிகளில் 2012 முதலும், லினக்ஸில் நிரல்களைப் பொதிந்து தரும் ஃபிளாட்பேக் முறையில் போர்ட்டல் என்ற பெயரிலும் இது ஓடிக்கொண்டிருக்கிறது. கெடு நாளில் வரிசை நிற்கும்போது உதவியாளர் படிக்க வேண்டியது எதுவும் இல்லாமல் இருப்பதே நல்ல பாதுகாப்பு.

இந்த வேலிக்குள் ஓடும் நிரலுக்கு நீலப் பெட்டி தேவையில்லை. கையொப்பமும் தேவையில்லை. ஊர் பேர் தெரியாதவர் எழுதியிருந்தாலும் அது கொடுத்த படத்தைக் கெடுக்கலாம், அவ்வளவே. மூலக் கோப்பின் பிரதியை வைத்துக்கொண்டால் அந்தக் கெடுதலும் தீரும். வேலியைத் தாண்ட விரும்பும் நிரலைத்தான் நிறுத்திக் கேட்க வேண்டும், அது எத்தனை பெரிய நிறுவனத்தின் கையொப்பத்தோடு வந்தாலும். கேட்பதும் தெளிவாக இருக்க வேண்டும்: ‘படத்தின் அளவைக் குறைக்கும் இந்த நிரல், உங்கள் கோப்புகளை இணையத்துக்கு அனுப்ப விரும்புகிறது.’ இந்த ஒரு வரியைத் தமிழில் காட்டியிருந்தால் உதவியாளர் ‘வேண்டாம்’ என்றிருப்பார்.

இதற்கு வரும் எதிர்வாதம் ஒன்று நியாயமானது. எல்லாச் சிறுநிரலும் இந்த வேலிக்குள் அடங்காது. நகலெடுத்தவற்றை நினைவில் வைக்கும் நிரல், திரையைப் படமெடுக்கும் நிரல், குறுக்குவிசை அமைக்கும் நிரல் ஆகியவற்றுக்கு மற்ற நிரல்களின் எல்லைக்குள் போகும் உரிமை வேண்டும். லினக்ஸ் உலகம் திரையைக் கையாளும் புதிய முறையான வேலாண்டுக்கு மாறியபோது இந்தச் சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. ஒரு நிரல் இன்னொன்றின் விசைகளையும் திரையையும் பார்க்க முடியாதபடி அது அடைத்தது. அடைத்தது சரி. ஆனால் முறையாகக் கேட்டுப் பெறும் வழிகள் பின்னால்தான் ஒவ்வொன்றாக வந்தன. இடையில் திரையைப் படமெடுக்கும் கருவிகளும் குறுக்குவிசைக் கருவிகளும் நீண்ட காலம் முடங்கின. வழியை முதலில் அமைத்துவிட்டுத்தான் கதவை மூட வேண்டும். விசைகளைப் பார்க்கும் உரிமையைப் பொறுத்தவரை, மேலே சொன்ன விதி அட்டவணையை ஏற்கும் உறுப்பு மூன்று இயங்குதளங்களிலும் வந்துவிட்டால், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் தட்டச்சு நிரல்களில் பெரும்பாலானவை அந்த உரிமையைக் கேட்க வேண்டியதே இராது.

இன்னொன்று, இந்த வகையை ஸ்டோரோடு கட்டிப்போடக் கூடாது. விண்டோஸ் 8 காலத்தில் வேலியும் ஸ்டோரும் ஒன்றாகவே வந்தன. வேலிக்குள் வர விரும்பியவர் ஸ்டோருக்குள்ளும் வந்தாக வேண்டியிருந்தது. தனி மனிதர்கள் எழுதிய கருவிகள் வெளியிலேயே நின்றுவிட்டன. இன்று ஒருவர் எழுதிய எக்ஸி கோப்பு மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ வந்தாலும், அது தன்னைச் சிறுநிரல் என்று அறிவித்துக்கொண்டால் இயங்குதளம் அதை அப்படியே வேலிக்குள் திறக்க வேண்டும். அறிவிக்காத பழைய நிரலையும் ‘வேலிக்குள் திற’ என்று வலச் சொடுக்கில் திறக்க வழி வேண்டும். உதவியாளர் அழித்துவிட்ட பழைய நிரல் போன்றவற்றுக்கு அந்த இரண்டாவது வழிதான் வேண்டும். அவற்றை எழுதியவர்களில் பலர் இன்று புதிய பதிப்பு வெளியிடும் நிலையில் இல்லை.